வௌவால் வீட்டுக்கு வந்தால்...



இரவு எட்டு மணி. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கறுப்பாக ஏதோ ஒன்று 'விர்'ரென்று உள்ளே நுழைகிறது. அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. "ஐயோ, வௌவால்!" என்று அம்மா அலறுகிறார். அப்பா துடைப்பத்தைத் தேடுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன் என்கிறீர்களா? வேண்டாம். முதலில் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துங்கள். ஏன் மின்விசிறி என்று கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் பூர்வீக வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ஓட்டு வீட்டு விருந்தாளிகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த கூரை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பனை உத்திரம். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டைச் சுற்றி மாமரமும் புளியமரமும் பனைமரமும்தான். ஏரி நிரம்பினால் நெல், வற்றினால் வேர்க்கடலை.

இன்று அந்த வட்டாரமே வேறு. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது. 1998-ல் அதன் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள், கிடங்குகள், அகலச் சாலைகள், இரவைப் பகலாக்கும் விளக்குகள்! ஏராளமானவர்களுக்கு வேலை கிடைத்தது. நல்லதுதான். ஆனால் எங்கள் தெருக்கோடியில் இருந்த தோப்பும், இடிந்த சத்திரமும் போய்விட்டன.

மனிதர்கள் வீடு மாறினால் லாரி பிடிப்பார்கள். மரப்பொந்திலும் பாழடைந்த கட்டடத்திலும் வாழ்ந்த வௌவால் என்ன செய்யும்? இருட்டான, அமைதியான, யாரும் கை வைக்காத இன்னொரு இடத்தைத் தேடும். எங்கள் ஓட்டு வீட்டுக் கூரை அதற்கு அரண்மனை போலத் தோன்றியிருக்க வேண்டும்!

அந்த வீட்டில் என் அண்ணி மட்டும் இருக்கிறார். பாதி வீட்டை, தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வாடகைதான் அவர் மாதச் செலவுக்கு ஆதாரம்.

2023 மே மாதம், கோடை விடுமுறை. பத்து வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். போன உடனே அண்ணி புலம்பத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, கூரை முழுக்க வௌவால். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அந்தப் பொண்ணுங்க பகல்ல தூங்கணும். மேலேயிருந்து புழுக்கை விழுது, நாத்தம் வேற. 'நாங்க வேற வீடு பாத்துக்கறோம் பாட்டி'ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

பக்கத்து வீட்டுக்காரர், "மிளகாய்ப் புகை போடுங்கள்" என்றார். கடைக்காரர், "அந்துருண்டையைக் கூரையில் கொட்டுங்கள்" என்றார். கொத்தனார், "ரெண்டு மணி நேர வேலை வாத்தியாரே! சிமெண்ட் வெச்சு எல்லா ஓட்டையையும் அடைச்சுடறேன்" என்று கரண்டியோடு வந்து நின்றார்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? அந்தத் தவறை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

1983-ல் நான் இளம் ஆசிரியர். வேறொரு ஊரில் பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தேன். அங்கேயும் வௌவால்கள். பகலில் அடைத்தால் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். இருட்டியபின் எல்லா வௌவால்களும் வெளியே போகும் வரை காத்திருந்தேன். பிறகு ஏணி வைத்து ஏறி ஓட்டைகளை அடைத்துவிட்டேன். 'ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் வெளியே போய்விட்டன' என்று எனக்குப் பெருமை!

விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்தது. கூரைக்கு வெளியே வௌவால்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அடைத்த இடத்தில் வந்து வந்து மோதின. கூரைக்கு உள்ளேயிருந்து 'கீச், கீச்' என்று மெல்லிய சத்தம். எனக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அப்படியே. மூன்றாம் நாள் உள்ளேயிருந்து வந்த சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாற்றம் வந்தது. ஓட்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே இருந்தவை பறக்கத் தெரியாத குட்டிகள்.

வௌவால் பறவை அல்ல, நம்மைப் போலப் பாலூட்டி. உண்மையாகப் பறக்கக்கூடிய ஒரே பாலூட்டி இனம் அதுதான். அது முட்டையிடாது, குட்டி போட்டுப் பால் கொடுக்கும். எலியைப் போலப் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் போடாது. ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று, சில வகைகளில் இரண்டு. பறக்கத் தெரியாத குட்டியைக் கூரையில் விட்டுவிட்டுத்தான் தாய் இரைதேடப் போகும். நான் அடைத்தது அந்தத் தாய்கள் திரும்பி வரும் வழியை.

நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் 'கீச், கீச்' என் காதில் இருக்கிறது. அதனால்தான் கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

தரையைப் பார், ஆளைச் சொல்!

"முதலில் வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்போம்" என்றேன் பேரனிடம். "எப்படி தாத்தா? கூரைக்குள்ளே ஏறணுமா?" என்றான். தேவையில்லை. தரையைப் பார்த்தாலே போதும்.

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் வகைகள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 120-க்கும் மேல். அவற்றின் சாப்பாட்டை வைத்து இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று பழமும் பூந்தேனும் உண்பவை. மற்றொன்று பெரும்பாலும் பூச்சி பிடிப்பவை.

தரையில் நாட்டு வாதுமைக் கொட்டை, மென்று துப்பிய சக்கை, சுவரில் ஈரமான கறை இவையெல்லாம் கிடந்தால் வந்தது பழ வௌவால். அது வீட்டில் குடியிருக்க வரவில்லை. பழத்தைப் பறித்துக்கொண்டு வந்து, தாழ்வாரத்தில் தொங்கியபடி நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அங்கே ஒரு வலை கட்டினாலோ, இரவில் ஒரு விளக்கு எரிந்தாலோ வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

கறுப்பாக, எலிப்புழுக்கை போலச் சிறிதாகக் கிடந்தால்? ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். கையால் தொடவே கூடாது! எலிப்புழுக்கை காய்ந்தால் கெட்டியாக இருக்கும். பூச்சி தின்னும் வௌவாலின் புழுக்கை பொலபொலவென்று தூளாகும். அதில் பூச்சிகளின் சிறகுத் துணுக்குகள் மினுமினுக்கும்.

எங்கள் வீட்டுத் தரையில் மினுமினுத்தது. வந்திருந்தவை கட்டைவிரல் நீளமே உள்ள சின்னஞ்சிறு வௌவால்கள். இந்தச் சிறு வௌவால்களில் ஒரு வகைக்கு அறிவியலார் வைத்த பெயரிலேயே நம் சோழமண்டலக் கரை இருக்கிறது. 1838-ல் புதுச்சேரியில் கிடைத்ததை வைத்து விவரித்ததால் 'கோரமண்ட்ரா' என்று பெயர் சூட்டினார்கள். எடை சில கிராம்தான். உங்கள் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால் போதும், உள்ளே போய்விடும்.

சூரியனைப் பார்க்காமல் மணி சொல்லும்

அடுத்த வேலை, அவை எந்த வழியாகப் போகின்றன, எத்தனை இருக்கின்றன என்று அறிவது. மாலையில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டோம். பேரன் கையில் நோட்டும் பென்சிலும். வானம் மங்கி, தொழிற்சாலை விளக்குகள் எரியத் தொடங்கியதும், சுவரும் கூரையும் சேரும் மூலையிலிருந்து ஒன்று 'டப்'பென்று வெளிவந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று... மொத்தம் நாற்பத்தேழு! மறுநாளும் ஏறக்குறைய அதே நேரம், அதே மூலை.

"கூரைக்குள்ளே இருட்டாச்சே தாத்தா. வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பேரன். நல்ல கேள்வி! இதைப் போன்ற ஒரு கேள்விக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விடை தேடினார்கள். பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து ஆகியோர் அடங்கிய குழு, வெளிச்சமே நுழையாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்துக் கவனித்தது. மற்ற வௌவால்கள் வசித்த குகையில், அவை மாலையில் கிளம்பும் நேரத்தை ஒட்டியே கூண்டு வௌவாலின் கடிகாரமும் ஓடியது. மற்ற வௌவால்கள் இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. அதாவது, உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைச் சரிசெய்து கொடுப்பது கூட்டாளிகள்! 1981-ல் வெளிவந்த இந்த ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

மூன்றாம் நாள் மாலை எல்லாம் போன பிறகு, பேரனை மூலைக்கு அருகே நிற்கவைத்து, "காது கொடுத்துக் கேள்" என்றேன். அவன் முகம் மாறியது.

"தாத்தா, உள்ளே கீச் கீச்சுன்னு கேக்குது!"

குட்டிகள் இருந்தன. நம் ஊரில் ஒவ்வொரு வகை வௌவாலும் ஒவ்வொரு மாதத்தில் குட்டி போடும். ஆகவே நாள்காட்டியை நம்பக் கூடாது. காதை நம்ப வேண்டும்.

ஒரு வழிப் பாதை

அண்ணியிடம் சொன்னேன், "ஆறு வாரம் பொறுக்க வேண்டும் அண்ணி."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க இருக்கணுமே தம்பி!" என்றார் அவர். அவர் கவலை நியாயம்தானே? குட்டிக்காகப் பரிதாபப்பட்டு, அண்ணியின் வாடகையைக் கெடுக்க முடியுமா?

ஒரு யோசனை தோன்றியது. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து, அந்தப் பெண்கள் படுக்கும் அறையில் கூரைக்குக் கீழே விதானம் போலக் கட்டினோம். புழுக்கை அதில் விழும், ஆள் மேல் விழாது. வாரம் ஒருமுறை அவிழ்த்துத் துவைப்பது என் வேலை. அந்தப் பெண்களை மாலையில் முற்றத்துக்கு அழைத்து, வௌவால்கள் கிளம்புவதைக் காட்டினான் பேரன். குட்டிகளின் சத்தத்தைக் கேட்டதும் அவர்களில் ஒருவர், "பாவம், இருந்துட்டுப் போகட்டும் பாட்டி" என்று சொல்லிவிட்டார்.

ஜூலை தொடங்கியது. மாலையில் எல்லாம் கிளம்பிய பிறகு, தொடர்ந்து ஐந்து நாட்கள் கூரைக்குள் சத்தமே இல்லை. குட்டிகளும் பறக்கத் தொடங்கிவிட்டன! இப்போது கொத்தனாரை அழைத்தோம்.

முதலில் மற்ற சந்துகளையெல்லாம் சாந்து பூசி அடைத்தார். வௌவால்கள் போய்வரும் முக்கிய வழியை மட்டும் விட்டுவைத்தார். அந்த வழியில், இரண்டு அங்குல அகலமும் ஒரு முழத்துக்குக் குறைவான நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சரிவாகச் செருகினார். மாலையில் வௌவால் குழாய் வழியாக வழுக்கி வெளியே வந்துவிடும். திரும்ப ஏறப் பார்த்தால், உட்புறம் வழவழவென்று இருப்பதால் நகம் பிடிக்காது. போகலாம், வர முடியாது!

ஒரு வாரம் குழாய் அப்படியே இருந்தது. மாலையில் வெளியே வந்தவை நாற்பது, முப்பது, ஐந்து என்று குறைந்து, கடைசி இரண்டு நாட்கள் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகுதான் குழாயை எடுத்துவிட்டு அந்த ஓட்டையையும் அடைத்தார். கொத்தனார் சிரித்துக்கொண்டே, "ரெண்டு மணி நேர வேலைக்கு ரெண்டு மாசம் ஆச்சு வாத்தியாரே, ஆனா ஒரு உசுரு போகல" என்றார்.

மிளகாய்ப் புகை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மயங்கிய வௌவால்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்திருக்கும். அந்துருண்டையின் நெடி வௌவாலுக்கு மட்டுமல்ல, கீழே படுத்திருக்கும் மனிதருக்கும் கெடுதல்.

கூரையில் சேர்ந்திருந்த புழுக்கையை அப்படியே பெருக்கக் கூடாது. தூசியோடு கிருமிகளும் நுரையீரலுக்குள் போகலாம். பெரியவர்கள் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிந்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே அள்ள வேண்டும். நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அறைக்குள் வந்துவிட்டால்?

இப்போது முதலில் சொன்ன மின்விசிறிக்கு வருவோம். நம் வீட்டு விளக்கைத் தேடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சியைத் துரத்திக்கொண்டு வௌவாலும் உள்ளே வந்துவிடுகிறது. அது நம்மைக் கடிக்க வருவதில்லை. தலைமுடியில் சிக்கிக்கொள்ளும் என்பதும் கட்டுக்கதை.

1790-களில் இத்தாலியைச் சேர்ந்த ஸ்பல்லான்சானி என்ற அறிஞர், கண்ணை மறைத்தாலும் வௌவால் இடிக்காமல் பறக்கிறது, காதை அடைத்தால்தான் தடுமாறுகிறது என்று கண்டார். காரணம் புரிய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. நம் காதுக்கு எட்டாத கூர்மையான ஒலியை வௌவால் எழுப்புகிறது, அதன் எதிரொலியைக் கேட்டுத் தடைகளை அறிகிறது என்று 1938-க்குப் பிறகு அமெரிக்காவின் டொனால்டு கிரிஃபின் காட்டினார். ஆனால் 'கரகர'வென்று சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் அந்தச் சின்ன உயிருக்கும் பெரிய ஆபத்து. அதனால்தான் முதலில் மின்விசிறி.

பிறகு அறை விளக்கை அணையுங்கள். வெளியே போகும் ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்து வையுங்கள். மற்ற அறைகளின் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் வெளியேறுங்கள். துடைப்பம் வேண்டாம். சற்று நேரத்தில் அது வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

தரையில் விழுந்து கிடந்தால் தொடாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் தடித்த துணியாலோ, அட்டைப்பெட்டியாலோ மூடி எடுத்து, மாலையில் ஒரு மரத்தின் தண்டில் விடலாம். பல வகை வௌவால்களால் தரையிலிருந்து எளிதாக எழும்பிப் பறக்க முடியாது.

தப்பித் தவறிக் கடித்துவிட்டால், பிறாண்டிவிட்டால்? மறைக்காதீர்கள்! திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

பயமும் நிஜமும்

"வௌவால் நோய் பரப்புமாமே?" என்று சிலர் கேட்பீர்கள். 2018-ல் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் நிபா காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்கிறது என்பது உண்மை. ஆகவே கீழே கிடக்கும், கடிபட்ட பழத்தை எடுத்துத் தின்னாதீர்கள். மற்ற பழங்களையும் கழுவித் தின்னுங்கள். ஆனால் அதற்காக மரத்தை வெட்டுவதும், வௌவாலைக் கல்லால் அடிப்பதும் உதவாது. பயந்து கலையும் கூட்டம் இன்னும் பல இடங்களுக்குப் பரவும். தூர இருந்து பார்த்தால் இருவருக்கும் நல்லது.

இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே வகை. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில்தான் உள்ளன, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. நம் வீட்டுச் சிறு வௌவால்கள் இரவெல்லாம் பூச்சிகளைத் தின்கின்றன. பழ வௌவால்கள் இலுப்பைக்கும் இலவமரத்துக்கும் மகரந்தம் சுமக்கின்றன. ஆல், அத்தி விதைகளைத் தூரத்தில் விதைக்கின்றன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழ வௌவால்களைக் கேடு செய்யும் பிராணிகள் பட்டியலில் எலியோடும் காக்கையோடும் சேர்த்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

அமெரிக்காவில் ஆஸ்டின் என்ற நகரில் 1980-ல் ஒரு பாலத்தைப் புதுப்பித்தார்கள். அதன் இடுக்குகளில் வௌவால்கள் லட்சக்கணக்கில் குடியேறின. 'ஒழித்துக்கட்டுங்கள்' என்று முதலில் ஊரே கூச்சலிட்டது. பிறகு அவற்றைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். இன்று கோடைக்காலத்தில் அங்கே 15 லட்சம் வௌவால்கள் வரை இருக்கின்றன. மாலையில் அவை கிளம்பும் காட்சியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள்!

எங்கள் வீட்டுக் கதையை முடிக்க வேண்டுமே? கூரையிலிருந்து போன வௌவால்களுக்காக, பின்புறச் சுவரில் உயரமாக ஒரு மரப்பெட்டி மாட்டினோம். உள்ளே சொரசொரப்பான பலகை, கீழே மெல்லிய சந்து. இதுவரை யாரும் குடிவரவில்லை. "வாடகை கேப்பீங்கன்னு பயப்படுது" என்கிறார் அண்ணி. ஆனால் முற்றத்தில் படுத்தால், விளக்கைச் சுற்றி அவை பறப்பது இன்றும் தெரிகிறது. எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கின்றன. பின்புறத்தில் ஒரு நாவல் கன்றும் ஓர் இலுப்பைக் கன்றும் நட்டிருக்கிறோம். அந்த மூன்று பெண்களும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

'வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால், நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்று ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டுக்கு வௌவால் வந்தால் அதுபோலத் தொங்க நம்மால் முடியாது. ஆனால் அது போவதற்கு ஒரு வழியும், அதன் குட்டி பறப்பதற்குச் சில வாரங்களும் கொடுக்க முடியும்.

நாளை மாலை பொழுது சாயும் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போங்கள். அண்ணாந்து பாருங்கள். முதல் வௌவால் எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். செய்வீர்கள்தானே?